பஞ்சுக்கால்

“பதினேழு,” என்றான் அவள் புருஷன், காலில் கிடந்த பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.

தையல்காரி மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. என்ன பதினேழு என்று அந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற முகத்தோடு அவன் சொல்வது வண்டியின் மைலேஜ். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த பெட்ரோல் கார் அது. விளம்பரத்தில் இருபத்திரண்டு என்று போட்டிருந்தார்கள். “அது காலி ரோட்டுல காலி வண்டி ஓட்டுறவனுக்கு. ரெண்டு பிள்ளை, நாலு மூட்டைத் துணி, வழி பூரா சிக்னல், இதுக்கு நடுவுல பதினெட்டு குடுக்குது பாரு, அதுதான் நெசம்,” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவான். அந்தப் பதினெட்டை மூத்த மகள் வாங்கின மார்க்கு மாதிரிச் சொல்லிக்கொள்வான்.

“போன தடவையும் பதினேழு. இந்தத் தடவை அதுக்கும் ஒரு முடி கீழ. கேட்டுப் பாரு.”

“யாரை?”

“யாரையோ.”

அந்த யாரோ பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்து சின்னவனுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பா. பிளேடு சீவுகிற சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது.

அப்பா அந்த வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு மழைக்காலம் முழுசாக முடியவில்லை. அம்மா போன பிறகு தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஒரே தட்டைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த மனுஷனை அவள்தான் போய் ஒரு பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்தாள். வந்த மறுநாள் காலையில் ஆணியில் தொங்கின சாவியை எடுத்து, “பிள்ளைங்களை நான் விட்டுட்டு வரேன். நீ உன் வேலையைப் பாரும்மா,” என்றார். மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அவளுக்கும் புரிந்தது.

முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். டெப்போவில் அவருக்குப் பேர் பஞ்சுக்கால். ஆக்சிலேட்டரை மிதிக்க மாட்டார், தடவுவார் என்பார்கள். மாசக் கடைசியில் டீசல் கணக்கு எடுக்கும்போது எப்போதும் அவர் பஸ்தான் முதலில் நிற்கும். அதற்காக நல்ல பஸ்ஸாகப் பார்த்து வாங்கிக்கொள்கிறார் என்று பேச்சு வந்தபோது, டெப்போவிலேயே பெரிய சீக்காளி வண்டியைக் கேட்டு வாங்கி அதையும் முதலில் கொண்டுவந்து நிறுத்தினார். பொறாமை பிடித்த ஒருத்தன், பஞ்சுக்கால் இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுகிறார் என்று மேலிடத்தில் போட்டுக்கொடுத்தான். அதிகாரி ஒருத்தர் பிரயாணி மாதிரி டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் தூங்கிவிட்டார். இறங்கும்போது, “உங்க பஸ்ல வேவு பாக்க முடியாதுய்யா, தாலாட்டுறீங்க,” என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அவர் கார் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். தூரத்தில் சிக்னல் சிவப்பாகிறது என்றால் மற்றவர்கள் எல்லாம் அதுவரைக்கும் விரட்டிக்கொண்டு போய் நின்று மூச்சு வாங்குவார்கள். இவர் கால் அங்கேயே எழுந்துவிடும். வண்டி தன்பாட்டுக்கு உருண்டு உருண்டு போகும். இவர் போய்ச் சேருகிறபோது பச்சை விழுந்திருக்கும். பிரேக்கைத் தொட்டார் என்றால் முன்னால் போகிறவன் ஏதோ தப்புப் பண்ணிவிட்டான் என்று அர்த்தம். பெரியவள் பின்சீட்டில் உட்கார்ந்து பாட்டிலை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஒரு துளி சிந்தாது.

அதற்கு முன்னால் பள்ளிக்கூடம், துணிக்கடை, நூல் கடை, தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் வண்டியை எடுத்துக்கொண்டு அலைந்தாள். மருத்துவமனை ஊழியர்களுக்குச் சீருடை தைக்கிற வேலை. ஒரே நீலம், ஒரே மாதிரி மூன்று பாக்கெட், பக்கவாட்டில் ஒரு பிளவு. வேலை சின்னதாகத் தெரியும், எண்ணிக்கையில் முதுகை ஒடித்துவிடும். வெளியே போய்விட்டு வந்து உட்கார்ந்தால் கை சூடேறவே வெகுநேரம் ஆகும். அப்பா சாவியை எடுத்த நாளிலிருந்து காலையில் மிஷினில் உட்கார்ந்தால் மதியச் சோறு வரைக்கும் எழுந்திருக்க வேண்டியதில்லை. மழை ஓட்டில் விழுகிற சத்தமும் மிஷின் சத்தமும் ஒன்றாகிப் போகும். மருத்துவமனைக்காரர்கள் இரண்டு பங்கு வேலை கொடுத்தார்கள். அவளும் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

புருஷனைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஐஸ் பேக்டரியில் மெஷின் பார்க்கிறவன். வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சில்லிட்டுப் போயிருக்கும். பிள்ளைகள் அந்த விரலைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கூச்சல் போடும். தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள், போய்ச் சரிபண்ணிவிட்டு ஒரு டீயோடு திரும்பிவிடுவான். ஆனால் ஒன்று வீணாகிறது என்றால் அவனுக்குப் பொறுக்காது. குழாய் சொட்டினால் தூங்க மாட்டான். பங்க்கில் எப்போதும் ஒரே குழாயில்தான் டேங்கை நிரப்புவான், அது ‘டக்’கென்று நின்றதும் அதற்கு மேல் ஒரு சொட்டு விடக்கூடாது, உடனே மீட்டரைப் பூஜ்யத்துக்குத் தள்ள வேண்டும், அடுத்த தடவை நிரப்பும்போது ஓடின தூரத்தை ஊற்றின லிட்டரால் வகுக்க வேண்டும். இதில் சின்னப் பிசகு வந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கும் இறங்கவில்லை. தட்டில் கையை வைத்துக்கொண்டே பெரியவளைக் கேட்டான், “ஸ்கூல் விட்டு வர்றப்போ எங்கயாச்சும் சுத்துறீங்களா?”

“சுத்துனா நல்லாத்தான் இருக்கும். தாத்தா நேரா வீட்டுக்குத்தான்பா வர்றாரு. இதுவரைக்கும் ஒரு ஐஸ்கிரீம் கிடையாது.”

“ஐஸ் பேக்டரிக்காரன் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வேற,” என்றார் அப்பா, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு.

அவன் சிரிக்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான். “யாரையும் குத்தம் சொல்லல. வயசானா கால் கனத்துப் போறது சகஜம். அவங்களுக்கே தெரியாது. பஸ்ல மிதிச்ச பழக்கம் வேற.”

“என்னங்க பேசுறீங்க? அப்பா காலையா?”

“காலைன்னா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பதினெட்டு எங்க போச்சுன்னு நீயே சொல்லு. ஆவியாயா போச்சு?”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே மகளிடம் சொன்னார். “மாப்பிள்ளைகிட்டச் சொல்லும்மா, பிளக்கைக் கழட்டித் துடைச்சுப் பாத்தேன். ஏர் பில்டரைத் தட்டிப் பாத்தேன். டயர்ல காத்து சரியா இருக்கு. வேற என்ன பாக்கணும்னு கேட்டுச் சொல்லு.”

“அதெல்லாம் நானும் பாத்துட்டேன்னு சொல்லு.”

“அப்போ மிச்சம் இருக்கிறது டிரைவர்தான்.”

“அதை நான் சொல்லல. அவங்களே சொல்றாங்க.”

ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் அவள் வழியாகப் பேசிக்கொண்டார்கள். அவளுக்குத் தன்னை நடுவில் வைத்த ஊசி மாதிரி இருந்தது, இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுக்கிற ஊசி.

அதற்கப்புறம் வந்த ஒரு காலை. நல்ல மழை. பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த அப்பா வாசலில் காரை நிறுத்தி இறங்கினார். வெறுங்கால். செருப்பு பக்கத்து சீட்டில் துண்டுக்கு மேலே ஜோடியாக உட்கார்ந்திருந்தது. அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். முந்தின நாளும் வெறுங்காலோடு இறங்கினாரோ என்று யோசித்தாள். சேற்றில் நடந்து வந்து அவர் குழாயடியில் காலைக் கழுவினார். கழுவும்போது வலது பாதத்தைக் கையால் பிசைந்து பார்த்தார், அடுத்தவர் காலைப் பிசைகிற மாதிரி.

அவள் டீயோடு போய் நின்றாள்.

“என்னப்பா இது, செருப்பு சவாரி, நீங்க வெறுங்காலா?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாததுக்கு யாரும் மழையில செருப்பைக் கழட்ட மாட்டாங்க.”

டீயை வாங்கி ஒரு மடக்கு குடித்தார். பிறகு, கேட்டவள் மகள் என்பதையே மறந்த மாதிரி, குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“டெப்போவுல எனக்கு என்ன பேரு?”

“பஞ்சுக்கால்.”

“அப்போ பேருக்குச் சொன்னாங்க. இப்ப நெசமாவே பஞ்சாயிடுச்சும்மா. கீழ வெச்சா தரை தெரியல. பஞ்சு மூட்டை மேல நிக்கிற மாதிரி இருக்கு. வலது கால்தான். சர்க்கரை இருக்கில்ல, அதுதான் போல. செருப்போட மிதிச்சா எவ்வளவு மிதிக்கிறேன்னு தெரியல. கழட்டுனா கொஞ்சம் தெரியுது.”

“எத்தனை நாளா?”

“கொஞ்ச நாளா. அவர் பதினேழுன்னு சொன்ன அன்னிக்கு எனக்குக் கோவம் வந்தது. படுத்து யோசிச்சேன். கோவம் போய் பயம் வந்திடுச்சு. அவர் சொல்றது சரியா இருந்தா? நான் தடவுறேன்னு நினைச்சுக்கிட்டு மிதிச்சுக்கிட்டு இருந்தா? முப்பது வருஷம் எதை வெச்சு என்னை மனுஷன்னு சொன்னாங்களோ அது போயிடுச்சுன்னு அர்த்தம்.”

“விடுங்கப்பா. நான் ஓட்டிக்கிறேன்.”

“நீ ஓட்டுனா யாரு தைப்பா? வாங்கிப் போட்டிருக்கிற வேலையைப் பாரு, கூரைய முட்டுது.” டம்ளரைக் கீழே வைத்தார். “ஒண்ணு பண்ணு. பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு மூட்டை போகுதில்ல. மாப்பிள்ளைக்கும் லீவு. அவரையும் வரச் சொல்லு. டேங்கை நிரப்பிட்டு நீள ரோட்டுல நான் ஓட்டுறேன், அவர் பக்கத்துல உக்காந்து என் காலைப் பாக்கட்டும். என் கால்தான் தின்னுதுன்னு தெரிஞ்சா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குக் கிளம்புறேன்.”

“எந்த வீட்டுக்கு?”

“என் வீட்டுக்கு. ஓட்டவும் தெரியாம இங்க உக்காந்து திங்கச் சொல்றியா?”

கிளம்புகிறேன் என்றால் கிளம்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காலை வைத்துக்கொண்டு, அந்த ஒற்றைத் தட்டுக்கு.

மறுநாள் மழை விட்டு வானம் சாம்பலாகத் தொங்கியது. டிக்கியிலும் பின்சீட்டிலும் நீல மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவே கழுத்து மட்டும் தெரிய அவள் செருகிக்கொண்டாள். அப்பா ஓட்ட, அவன் பக்கத்தில். பங்க்கில் நிரப்பி மீட்டரைத் தள்ளிவிட்டுக் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டியதும் ரோடு நேராக விழுந்தது. இரண்டு பக்கமும் நனைந்த வயல். ஓரத்தில் கிலோமீட்டர் கல்லுகள், வெள்ளையில் கறுப்பு எழுத்து, மழையில் குளித்துப் பளிச்சென்று.

“ஏசி போடட்டுமான்னு மாப்பிள்ளையைக் கேளும்மா. கண்ணாடி ஆவி பிடிக்குது.”

“ஏசி போட்டா கணக்கு கெட்டுடும்னு சொல்லு. ஜன்னலை இறக்கச் சொல்லு.”

“ஜன்னலை இறக்குனா காத்து வண்டியைப் பிடிச்சு இழுக்கும், அதுவும் பெட்ரோல்தான்னு சொல்லு.”

“ஐயோ, ரெண்டு பேரும் என்னை விடுங்க!” என்று மூட்டைகளுக்குள்ளிருந்து கத்தினாள். “நான் என்ன போன் ஒயரா? நேராப் பேசுனா நாக்கு ஒட்டிக்குமா?”

முன்னால் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னல் பாதி இறங்கியது. அவ்வளவுதான் சமாதானம்.

அவன் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். செருப்பில்லாத அந்தக் கால் பெடலின் மேல் உட்கார்ந்திருந்த விதத்தை அவள் பின்னாலிருந்து பார்க்க முடியவில்லை. புருஷனின் பிடரியைத்தான் பார்த்தாள். முதலில் விறைத்திருந்தது. லாரியைத் தாண்டுகிற இடத்தில் அப்பா அவசரப்படாமல் பின்னாலேயே உருண்டு, ரோடு திறந்ததும் இன்ஜின் குரல் மாறாமலேயே தாண்டிப் போனபோது அந்தப் பிடரி லேசாக ஆடியது. பாலத்து ஏற்றத்தில் இன்னொரு தடவை ஆடியது. கச்சேரி கேட்கிறவன் தலை மாதிரி. மெஷினோடு வேலை செய்கிறவன்தானே, நல்ல கையைப் பார்த்தால் அவனால் ரசிக்காமல் இருக்க முடியாது. ரசித்ததைச் சொல்ல வாய்தான் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மூட்டைகளை இறக்கி எண்ணிக் கொடுத்தார்கள். திரும்பும்போது வாசலுக்கு எதிரேயே ஒரு கல் நின்றது. அவன் இன்னொரு தடவை மீட்டரைப் பூஜ்யமாக்கினான். “போறது ஒரு கணக்கு, வர்றது ஒரு கணக்கு,” என்றான், பொதுவாக. ரோடு ஈரமாகப் பளபளத்தது. “டயர் எப்படிப் பிடிக்குது பாத்தியா,” என்று பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொன்னான். “பழசா இருந்தா இந்நேரம் வழுக்கியிருக்கும். கூட வேலை பாக்கிறவன் குடுத்தான்னு கேவலமாப் பாத்தியே. பெரிய வண்டியில மாட்டிக் கொஞ்ச நாள்தான் ஓடுனது, ரப்பர் முடிகூட உதிரல. ஒரு சைஸ் பெருசு, ஆனா உரசாம உக்காந்திடுச்சு.”

அவள் “உம்” கொட்டினாள். காலியான பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா வாய்க்குள் எண்ணிக்கொண்டு வருவது கேட்டது. பஸ் காலத்துப் பழக்கம், கல்லுகளை எண்ணிக்கொண்டுதான் ஓட்டுவார்.

“இருபது,” என்றார் ஒரு இடத்தில். “பாதி வந்தாச்சு. டீ குடிக்கிறாரான்னு கேளும்மா.”

அவன் மீட்டரைப் பார்த்தான். “இருபது ஆகலையே. பத்தொன்பதுகூட ஆகலன்னு சொல்லு.”

“இருபது கல்லு தாண்டிட்டோம்னு சொல்லு.”

“மீட்டர் பொய் சொல்லுமா? கல்லைத்தான் எவனாவது போதையில நட்டிருப்பான்.”

“ஒரு கல்லைப் போதையில நடலாம். இருபதையுமா நட்டான்? அத்தனை போதையில நேரா நிக்கிற மாதிரி எப்படி நட்டான்?”

இந்தத் தடவை அவர் நேராக அவனிடமே கேட்டுவிட்டார். அவன் திரும்பிப் பார்த்தான். மறுபடி குனிந்து மீட்டரைப் பார்த்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள். கல்யாணமான புதுசில் ஒரு தடவை ஒரு கிளினிக்குக்கு மொத்தமாகப் பேன்ட் தைத்தாள். அத்தனையும் நீளம். போட்டவர்கள் எல்லாம் தரையைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். துணியைச் சந்தேகப்பட்டாள், கத்தரிக்கோலைச் சந்தேகப்பட்டாள், தன் கண்ணையே சந்தேகப்பட்டு டாக்டரிடம் போனாள். கடைசியில் தப்பு டேப்பில் இருந்தது. பழைய துணி டேப், இழுத்து இழுத்து நீண்டுபோயிருந்தது. அது நாற்பது என்று சொன்ன இடத்தில் நாற்பத்தொன்றுக்கு மேல் இருந்தது. எத்தனை தடவை ஜாக்கிரதையாக அளந்தாலும் அத்தனை தடவையும் ஜாக்கிரதையாகத் தப்புப் பண்ணியிருந்தாள்.

“வண்டியை நிறுத்துங்கப்பா,” என்றாள்.

“என்னம்மா, வாந்தி வருதா?”

“டேப்பு நீண்டுடுச்சுப்பா! என்னங்க, மீட்டர் எதை வெச்சு தூரத்தைக் கணக்குப் பண்ணுது?”

“சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு பாத்துத்தான்...” என்று ஆரம்பித்தவன் குரல் நடுவிலேயே கரைந்தது.

“சக்கரம் பெருசானா?”

வண்டி ஓரத்தில் நின்றது. கதவைத் திறந்து முதலில் இறங்கினவன் அவன்தான்.

டிக்கியின் அடியில் ஸ்டெப்னி கிடந்தது. பழைய அளவு டயர், வண்டியோடு வந்தது, இதுவரை தரையைப் பார்க்காதது. அவள் கைப்பையில் வேறு எது இல்லாவிட்டாலும் டேப் இல்லாமல் இருக்காது. ஸ்டெப்னியை இழுத்து நிறுத்தி, இடுப்பளவு எடுக்கிற மாதிரி டேப்பைச் சுற்றினாள். டேப் எட்டவில்லை. முடிந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு மீதியை அளந்தாள். பிறகு மாட்டியிருந்த சக்கரம். அடியில் கை போகவில்லை. அவன் ஜாக்கி போட்டுத் தூக்கினான், சேற்றில் முழங்காலை ஊன்றி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். லாரியில் போனவன் ஒருத்தன், “என்னக்கா, வண்டிக்குச் சட்டையா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

“இதுக்கும் அதுக்கும் நல்லா நாலு விரக்கடைக்கு மேல வித்தியாசம்,” என்றாள் அவள். “ஒரு சுத்துக்கு இவ்வளவு. இங்கேர்ந்து வீடு வரைக்கும் எத்தனை சுத்து இருக்கும்?”

அவன் முழங்காலில் நின்றபடியே கணக்குப் போட்டான். வாய் அசைந்தது. மறுபடி போட்டான். டயரை ஒரு தட்டுத் தட்டினான். தட்டின கையாலேயே தன் நெற்றியில் அடித்துக்கொண்டான், நெற்றியில் சேறு அப்பியது.

“சக்கரம் பெருசு. கம்மியாத்தான் சுத்துது. மீட்டர் கம்மியாத்தான் காட்டுது. வண்டி ஓடுன தூரம் என்னவோ ஓடுனதுதான்.” எழுந்து நின்றான். “பதினெட்டு. நான் பதினேழுன்னு சொன்னது எல்லாம் பதினெட்டு. மழை, டிராபிக் எல்லாத்தையும் சேத்துப் பாத்தா பதினெட்டுக்கும் மேல.”

“டயரை எப்போ மாட்டுனீங்க?” என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

“உங்கப்பா வந்த வாரம்,” என்றான். பிறகு அவளைத் தாண்டி வந்து அவர் முன்னால் நின்றான். “மாமா,” என்றான். வந்ததிலிருந்து அவரை நேருக்கு நேராக அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “நான் பெருமைக்கு மாட்டுன டயர். பழியை உங்க கால் மேல போட்டேன். போறப்ப அந்த லாரியைத் தாண்டுனீங்களே, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இந்தக் கால் பெட்ரோலைத் தின்னிருக்காதுன்னு. வாயைத் திறந்து சொல்லத்தான் வரல.”

அப்பா டயரைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். சிரிப்பு வாயில் ஆரம்பித்துத் தோள் வரைக்கும் குலுங்கியது. “அடப்பாவி! கல்லைப் போதையில நட்டான்னீங்களே மாப்பிள்ளை!”

“டயரை நான் போதையில மாட்டிட்டேன்னு வெச்சுக்குங்க.”

மூன்று பேரும் சிரித்தார்கள். வயலில் நின்ற கொக்கு எழுந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தது. அவளுக்கு மட்டும் சிரிப்புக்கு நடுவில் கண் நிறைந்துவிட்டது, சேறு தெறித்த மாதிரி துடைத்துக்கொண்டாள்.

ஸ்டெப்னியை உள்ளே போட்டு டிக்கியைச் சாத்தினார்கள். அப்பா வண்டியிலிருந்து சாவியை உருவிக்கொண்டு வந்து அவன் முன்னால் நீட்டினார்.

“பிடிங்க மாப்பிள்ளை.”

“எதுக்கு மாமா? இப்பதானே எல்லாம் தெளிவாச்சு.”

“தெளிவானதாலதான் குடுக்கிறேன். நேத்துக் குடுத்திருந்தா பெட்ரோல் தின்னவன்னு பேரோட இறங்கியிருப்பேன். அது எனக்கு முடியல. இப்ப இறங்கலாம்.” வெறுங்காலைப் புல்லில் ஊன்றிக் காட்டினார். “இது பெட்ரோலைத் தின்னல, சரி. ஆனா இதுக்குத் தரை தெரிய மாட்டேங்குது. வலது கால் மரத்துப் போச்சு. உங்க பொண்டாட்டிக்குத் தெரியும். இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் ஆகல. பின்னாடி உக்காந்து பாட்டிலைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு வருது. அவசரத்துல பிரேக் எதுன்னு என் கால் என்னைக் கேக்கிற நாள்ல அவ பின்னாடி உக்காந்திருக்கக் கூடாது.”

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். தன்னிடம் சொல்லவில்லையே என்று கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் குனிந்து அந்தப் பாதத்தைப் பார்த்தான். தனக்கே விரல் மரத்துப் போகிற வேலை. மரத்துப் போவது என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“நாளைக்கே டாக்டர்கிட்டப் போறோம் மாமா. நான் லீவு போடுறேன்.”

“போவோம். அப்புறம் நான் என் வீட்டுக்கு...”

“எந்த வீட்டுக்கு?” என்றான். “ஓட்டாதவங்களுக்கு நம்ம வீட்டுல சோறு இல்லேன்னா முதல்ல பட்டினி கிடக்க வேண்டியவன் நான்தான். இவளைக் கேளுங்க, நான் ஓட்டுனா பதினாறு. அந்தப் பதினெட்டு இவ ஓட்டுனது. நான் அதை வெளியில சொன்னதேயில்ல.”

அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளிடம்கூட அவன் அதை ஒத்துக்கொண்டதில்லை.

“அப்படியா சேதி!” என்றார் அப்பா. நீட்டின கை அப்படியே திரும்பி மகளிடம் வந்தது. “அப்போ சாவி போக வேண்டிய இடம் இதுதான். பிள்ளைங்களை நீ விடும்மா. நான் வீட்டுல காஜா போடுறேன், பட்டன் கட்டுறேன். கை ரெண்டும் இன்னும் நல்லாத்தான் இருக்கு.”

“காஜா போடத் தெரியுமாப்பா?”

“தெரியாது. முதல்ல அசிங்கமாப் போடுவேன். பிரிச்சுட்டு மறுபடி போடுவேன்.”

அவள் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அப்பா பழக்கத்தில் அந்தக் கதவுக்கே வந்து கைப்பிடியில் கையை வைத்தார். உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்து ஏறினார். உள்ளங்கையால் சீட்டை அமுக்கிப் பார்த்தார். இத்தனை நாளில் அந்த வண்டியில் அவர் உட்காராத இடம் அது.

வண்டி ஒரு குலுக்குக் குலுங்கிக் கிளம்பியது. ஓட்டி நாளான கை. அவன் மீட்டர் பக்கம் திரும்பவில்லை. மூன்றாவது கியரில் இன்ஜின் அமைதியாகி, ஒரு கல் போய், இன்னொரு கல்லும் போயிற்று. பின்னால் எண்ணுகிற சத்தம் கேட்கவில்லையே என்று கண்ணாடியில் பார்த்தாள். அப்பா சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டைப் பார்க்காமல் அவர் பிரயாணம் பண்ணி அவள் பார்த்ததே இல்லை.

“அம்மாடி,” என்றார் கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு காலையும் நீட்டி வைத்துக்கொண்டு. “பின்னாடி இவ்வளவு சொகுசா இருக்கும்னு இத்தனை நாளா ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலையே!”